காலையில பாதி, சாயங்காலம் பாதி

தம்பி, உங்க நாயைச் செத்த அங்கிட்டுத் திருப்பிப் பிடிச்சுக்கிடுங்க. எனக்கு நாய்னா பயமில்ல. கூடைக்குள்ள எங்க பூனை சீதேவி இருக்கா. மோந்து பாக்க வந்துச்சுன்னா உங்க நாய்க்கு மூக்கு மிஞ்சாது. போன மாசம் இதே பெஞ்சிப் பக்கத்துல ஒரு அல்சேசன் வந்து எட்டிப் பாத்துச்சு. சளிக்கு ஊசி போட வந்த நாயி, மூக்குல நாலு தையலும் சேத்துப் போட்டுக்கிட்டுப் போச்சு.

டோக்கனா? எங்களுக்கு ஆயாச்சு. டாக்டரம்மாவப் பாத்துட்டு வந்துதான் உக்காந்திருக்கேன். எங்க ஓரகத்தி எதுத்தாப்ல டீ வாங்கப் போயிருக்கா. அவ வந்ததும் கெளம்பணும். ஓரகத்தின்னா தெரியும்லா? என் கொழுந்தன் பொண்டாட்டி. வடிவுன்னு பேரு. நான் கீழ் வீடு, அவ மாடி. ஒரே வாசல், ஒரே கெணறு, ஒரே பூனை. பேச்சு வார்த்தை மட்டும் கெடையாது. பதினோரு வருசமா கெடையாது.

அப்புறம் எப்படிச் சேந்து வந்திருக்கியன்னு கேக்கியளா? அதைத்தான சொல்ல வாரேன். அதுக்குள்ள குறுக்க விழுந்தா எப்படி?

எம்மவ பார்வதி கல்யாணத்துல வந்த சண்டை அது. பொண்ணு மாப்பிள்ளைய வாசல்ல நிறுத்தி ஆரத்தி எடுக்கணும். எங்க வீட்டு மொறைக்குச் சித்திக்காரிதான் எடுக்கணும். "வடிவு, ஏ வடிவு"ன்னு மூணு தடவை கூப்பிட்டேன். ஆளக் காணோம். சம்மந்தி வீட்டு ஆளுகல்லாம் வெயில்ல நிக்காவ. நான் என்ன செய்ய? தட்டத் தூக்கி என் தங்கச்சி கையில குடுத்துட்டேன். அவ சுத்தி முடிக்கதுக்கும் வடிவு வந்து நிக்கதுக்கும் சரியா இருந்துச்சு. தட்டப் பாத்தா. என் தங்கச்சியப் பாத்தா. என்னையப் பாத்தா. அன்னைக்கு மூடுன வாய்தான். எங்க போயிருந்தா தெரியுமா? வரவேற்புக்குப் போட வச்சிருந்த பார்வதி ரவிக்கையில கொக்கி அறுந்துபோச்சாம், தச்சுக்கிட்டு இருந்தாளாம். இருக்கட்டும். கொக்கிய அப்புறமா தச்சா ஆகாதா? நீங்களே சொல்லுங்க, தப்பு யாரு மேல?

என்ன, நாயத் தடவிக்கிட்டு இருக்கிய? சரி, விடுங்க. நீங்க சின்ன ஆளு, உங்களுக்கு இதெல்லாம் வெளங்காது.

பேச்சுதான் கெடையாதே தவிர சண்டை ஒழுங்கா நடக்கும். நான் சுவத்தப் பாத்துச் சொல்லுவேன். "சில பேரு மாடியில தண்ணியத் தொறந்து விட்டுட்டு அசந்து தூங்குதாவ, கேட்டியா சுவரே"ன்னு. அவ மேல இருந்து காக்காய்க்குச் சோறு வச்சுக்கிட்டே, "சில பேருக்கு ஊர்ப் பஞ்சாயத்துதான் வேலை, தெரிஞ்சுக்கோ காக்கா"ம்பா. எங்க வீட்ல உள்ளாவ, என் வீட்டுக்காரர்தான், தவறி ஆறு வருசமாச்சு. அவ வீட்டுக்காரர் போயி நாலு வருசம். சாவுத் துட்டிக்கு ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போனோம். போகாம இருக்க முடியுமா? போனேன், அழுதேன், எறங்கி வந்துட்டேன். பிள்ளைகள்லாம் வடக்கயும் வெளிநாட்டுலயுமா இருக்கு. அதுக்கப்புறம் ரெண்டு வீட்டுக்கும் பொதுவா எங்க மாடிப்படியில ஏறி எறங்குன ஒரே ஆளு இந்தச் சீதேவிதான்.

மாடியில இதுக்கு வேற பேரு, பாத்துக்கிடுங்க. பேபியாம்! பதினாலு வயசுக் கெழவி, பேபியாம். பேர் வைக்கக்கூடத் தெரியாதவ.

போன சித்திரையில இருந்துதான் இதுக்குக் கிறுக்கு பிடிச்ச மாதிரி ஆச்சு. என்னா தீனிங்கிய! காலையில ஒரு கிண்ணம் பால்சோறு, பத்து மணிக்கு ஒரு கிண்ணம் தயிர்சோறு, மத்தியானம் நான் உக்காந்தா என் எலையில பாதி. தின்னுட்டு உடனே "ஞே"ன்னு அடுத்த ரவுண்டுக்கு நிக்கும். செம்புத் தண்ணியக் கவுத்துக் குடிக்கும். ஆனா ஒடம்பு மட்டும் வத்திக்கிட்டே போகுது. முதுகுல கை வச்சா எலும்பு எலும்பா தட்டுப்படுது. முடியெல்லாம் தேங்கா நாரு கணக்கா நிக்கி. அதோட ஓட்டம் வேற. அடுக்களைக்கும் கெணத்தடிக்கும் நாலு கால் பாய்ச்சல். காரணமே இல்லாம ஊளை. எனக்குன்னா சந்தோசம். எதுத்த வீட்டுக்காரிகிட்ட, "பாத்தியா, எங்க சீதேவிக்கு எளமை திரும்பிருச்சு, எல்லாம் நான் ஊத்துத நெய்யி"ன்னு பெருமை அடிச்சேன்.

ஆனா மெலிஞ்சுக்கிட்டே போகுதே, அது ஏன்? எனக்கு ஒடனே புரிஞ்சுபோச்சு. மாடியில பட்டினி போடுதா. அங்க ஒண்ணும் கெடைக்காமத்தான இங்க வந்து இந்தத் தீனி திங்குது! சுவத்துகிட்டச் சொன்னேன். "வாயில்லாச் சீவனப் பட்டினி போட்டா அந்தப் பாவம் ஏழு சென்மத்துக்கும் விடாது." மேல இருந்து காக்காய்க்குப் பதில் போச்சு. "கீழ சோறு போடாம ஏச்சு மட்டும் போட்டா பூனை எப்படி வளரும் காக்கா?" பாத்தியளா, பழிய என் தலையில கட்டுதா!

பொறுக்க முடியாமத்தான் இதைக் கூடையில போட்டு இந்த மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்தேன். டாக்டரம்மா சின்னப் பிள்ளைதான், ஆனா கை சுத்தம். இது தொண்டையைப் பையத் தடவுனாவ. "இங்க தொட்டுப் பாருங்கம்மா"ன்னாவ. தொட்டா சுண்டக்கா அளவுக்கு ஒண்ணு உருளுது. நெஞ்சுல குழாய வச்சுக் கேட்டுட்டு, "என்னம்மா, ரயில் மாதிரி ஓடுது"ன்னாவ. ரத்தம் எடுத்து மதுரைக்கு அனுப்பிப் பாத்தா, தைராய்டு.

"பூனைக்கா?"ன்னேன். "எங்க சம்மந்தி அம்மாவுக்குல்லா தைராய்டு. அவ இந்தப் பெஞ்சில உக்காந்தா வேற ஆளு உக்கார முடியாது. இது வத்தி வாடிப் போய் இருக்கே?"

டாக்டரம்மா சிரிச்சாவ. "அவங்களுக்குச் சுரக்குறது கம்மி. அதனால ஒடம்பு மந்தமாயிரும். இதுக்குச் சுரக்குறது அதிகம். ஒடம்புக்குள்ள அடுப்பு நிக்காம எரியுது, எவ்வளவு போட்டாலும் எரிச்சுத் தீத்துரும். அப்படியே விட்டா இதயமும் கெட்டுப்போகும். வயசான பூனைங்களுக்கு வரும்மா. மாத்திரை குடுத்து அடக்கி வச்சா நல்லா இருக்கும். காலையில பாதி, சாயங்காலம் பாதி. ஆயுசு பூராவும்."

மனுசங்க திங்குத அதே மாத்திரைதான். மருந்துக் கடைக்காரன் சீட்ட வாங்கிப் பாத்தான். "சீதேவி, வயசு பதினாலு... படிக்கிற பிள்ளையாம்மா?"ன்னான். "படிப்பு ஏறல, வீட்லதான் இருக்கா"ன்னேன். பாவம்னு நெனச்சு ஒரு சத்து மாத்திரை அட்டையும் சும்மா குடுத்தான். அதை நான் போட்டுக்கிட்டேன்.

வாங்கியாச்சு, சரி. இதுக்கு யாரு குடுக்க? தயிர்சோத்துக்குள்ள வச்சேன். சோத்தத் தின்னுட்டு மாத்திரைய மட்டும் கழுவித் தொடச்ச மாதிரி கிண்ணத்துல வச்சிட்டுப் போயிட்டா. நெய்யில முக்குனேன். நெய்ய நக்கிட்டா. தூளாக்கிப் போடுவோம்னா டாக்டரம்மா, "ஒடைக்காதிங்க, கசப்பு தெரிஞ்சா அப்புறம் சோத்தையே தொடாது. அந்தத் தூளு உங்க கையிலயும் படக்கூடாது"ன்னுட்டாவ. "பேசாம மீனுக்குள்ள வச்சுக் குடுங்கம்மா"ன்னாவ.

"தாயி, நாங்க சைவம்"னேன்.

"நீங்க சைவம். பூனை?"

என்னத்த சொல்ல? எங்க தெரு எப்படிப்பட்ட தெருங்கிய! யாரு வீட்லயாவது கருவாட்டு வாசம் வந்துச்சுன்னா கோயில்ல கூட்டம் போட்டிருவாவ. அறுபத்தெட்டு வயசு வரைக்கும் மீன்கடைப் பக்கம் தல வச்சுப் படுக்காதவ நான். சீலைத் தலப்பத் தலையோட சுத்தி முக்காடு போட்டுக்கிட்டுப் போனேன். மீன்காரி, "என்ன மீனுக்கா வேணும்?"ங்கா. எனக்கு என்ன தெரியும்? கைய நீட்டி, "இந்தா, இது"ன்னேன். "சாளையா? கொழம்புக்கா, பொரிக்கவா?" "மருந்துக்கு"ன்னேன். அவ என்னைய ஏற எறங்கப் பாத்தா. வாங்கிப் பைக்குள்ள போட்டு மேல ரெண்டு கட்டு கீரைய வச்சு மறைச்சு, வீட்டுக்கு வந்து, கெணத்தடியில மூணு கல்லக் கூட்டி அவிச்சேன். முள்ளெடுத்து, ஒரு துண்டுக்குள்ள பாதி மாத்திரைய வச்சு நீட்டுனா... லபக்! ஒரு செகண்டு. போயே போச்சு. எனக்கு வெற்றின்னா வெற்றி. கைய மூணு தடவை சோப்புப் போட்டுக் கழுவிட்டு, அப்புறமும் மனசு கேக்காம அபிசேக விபூதியத் தேய்ச்சுக்கிட்டேன்.

ரெண்டு வாரம் நல்லாத்தான் போச்சு. ஓட்டம் நின்னுச்சு, ஊளை நின்னுச்சு. அதுக்கப்புறம் கதையே மாறிப்போச்சு, தம்பி. எந்திரிக்கவே மாட்டேங்குது. வச்ச சோறு வச்சபடி இருக்கு. ஒரு வாய் தின்னாலும் கக்கிருது. கூப்பிட்டா கண்ணு மட்டும் தொறந்து பாத்துட்டு மூடிக்கிடுது. நான் பக்கத்துல உக்காந்து, "சீதேவி, ஏட்டி, ஒரு வாய் தின்னுட்டி"ன்னு கெஞ்சுதேன். இந்த ஆறு வருசமா அந்த வீட்ல எனக்குப் பதில் சொல்லுத ஒரே சீவன் அது. அது போயிட்டா நான் யாரப் பாத்து ஏச?

அப்புறம் யோசிச்சேன். மாத்திரை நல்ல மாத்திரை. மீனு நல்ல மீனு. மிச்சம் இருக்கது மாடி. என்னத்தையோ வச்சுக் குடுத்திருக்கா! மாடியப் பாத்து வாய்க்கு வந்தபடி பேசுனேன். அன்னைக்குச் சுவத்தக்கூட மறந்துட்டேன், நேராவே பேசிட்டேன். மேல இருந்து சத்தமே இல்ல. காக்காய்க்குச் சோறுகூட வைக்கல. குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்னு நெனச்சுக்கிட்டேன்.

மறுநா காலையில, சாளை அலுத்துப்போச்சோ என்னமோ, வேற மீனு வாங்கிட்டு வருவோம்னு முக்காடப் போட்டுக்கிட்டுப் போறேன். மீன்காரிகிட்ட எனக்கு முன்னாடி இன்னொரு முக்காடு நிக்கி. "தலையும் முள்ளும் வேண்டாம், சதை மட்டும் குடு"ங்குது. அந்தக் கொரல் எனக்குத் தெரியாதா? அவ பைக்குள்ள எட்டிப் பாத்தா, மேல கறிவேப்பிலை. உள்ள மீனு. திரும்புனா. வடிவு!

தம்பி, ரெண்டு சைவப் பொம்பளைங்க, ரெண்டு முக்காடு, நடுவுல ஒரு கூடை சாளை. யாரு யாரப் போட்டுக் குடுக்க? அப்படியே நின்னோம். அவ கண்ணெல்லாம் வீங்கிப் போயிருந்துச்சு. ராத்திரி பூரா அழுதிருக்கா, பாத்தாலே தெரிஞ்சுச்சு. பதினோரு வருசம் கழிச்சு மொத வார்த்தை நாந்தான் பேசுனேன். எழுதி வச்சுக்கிடுங்க, நாந்தான் பேசுனேன்.

"மாத்திரைக்கா?"ன்னேன்.

"ஆமாக்கா"ன்னா. சொல்லிட்டு அவளே முழிச்சா. "ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

வெளங்கிச்சா? நான் திருச்செந்தூருக்குப் போயிருந்த மூணு நாள்ல இவ அதை டவுன்ல ஒரு தனியார் டாக்டர்கிட்டத் தூக்கிட்டுப் போயிருக்கா. அங்கயும் ரத்தம், அங்கயும் தைராய்டு, அங்கயும் காலையில பாதி சாயங்காலம் பாதி. கீழ நான் பட்டினி போடுதேன்னு நெனச்சுக்கிட்டு, நல்லாப் பாத்துக்கிட்டாளாம். நானும் நல்லாப் பாத்துக்கிட்டேன். ரெண்டு பேரும் நல்லாப் பாத்ததுல, ஒரு மாத்திரை போக வேண்டிய வயித்துக்குள்ள தெனமும் ரெண்டு மாத்திரை போயிருக்கு. இந்தக் கள்ளியும் கீழ ஒரு மீனு, மேல ஒரு மீனுன்னு வாயத் தொறந்து வாங்கிக்கிட்டா பாருங்க. "எனக்கு ஆயாச்சு"ன்னு ஒரு வார்த்தை சொல்லுச்சா?

மீன அங்கனயே போட்டுட்டு ஓடுனோம். ஒரே ஆட்டோ. அவ அந்த ஓரம், நான் இந்த ஓரம், நடுவுல கூடை. ரெண்டு கையும் கூடை மேல. டாக்டரம்மா கேட்டுட்டுத் தலையில அடிச்சுக்கிட்டாவ. "இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா பூனை இருந்திருக்காதும்மா. சண்டைய வீட்டோட வச்சுக்கிடுங்க. இதுக்கு மருந்து ரெண்டு பேரும் பேசிக்கிட்டுத்தான் குடுக்கணும். பேசாட்டி இது செத்துப்போகும்"னாவ. வடிவு அழுதா. நான் அழல. கண்ணுல மீன் செதில் பட்டிருந்துச்சு.

கொஞ்ச நாள் மாத்திரைய நிறுத்தி, மறுபடி ரத்தம் பாத்து, திரும்ப ஆரம்பிச்சோம். காலையில பாதி நான். சாயங்காலம் பாதி அவ. மாடிப்படியில ஒரு தினசரிக் காலண்டர மாட்டி, குடுத்தவங்க அதுல எழுதணும்னு ஏற்பாடு. பேச வேண்டாம் பாருங்க, எழுதுனாப் போதும். மொத நாள் "குடுத்தாச்சு"ன்னு எழுதுனேன். சாயங்காலம் "குடுத்தாச்சு"ன்னு அவ எழுதுனா. அப்படியே நாலு நாள். அஞ்சா நாள், "குடுத்தாச்சு. கக்கிட்டா. அப்புறம் தின்னா"ன்னு எழுதியிருந்தா. மறுநா அதுக்குக் கீழ, "கீழ் வீட்டுப் புளிக்கொழம்பு மாடி வரைக்கும் மணக்கு." இதுக்கு என்ன அர்த்தம்? ஒரு கிண்ணத்துல ஊத்திக் காலண்டருக்குக் கீழ வச்சேன். பூனை சம்பந்தப்பட்ட விசயம்தான, காலண்டர்ல வந்திருக்குல்லா.

அப்புறம் பாத்தா சாயங்கால மாத்திரைய ஒரு ஆளாக் குடுக்க முடியலயாம். ஒருத்தர் பிடிக்கணும், ஒருத்தர் வாயில வைக்கணும். சரி, மருந்துன்னு வந்துட்டா என்ன செய்ய? மாடிக்குப் போறேன். மருந்துக்கு மட்டுந்தான். குடுத்த பொறவு கக்குதான்னு கால் மணி நேரம் பாக்கணும். சும்மா பாத்துக்கிட்டு இருக்க முடியுமா? அவ காப்பி போடுவா. காப்பி குடிக்கையில நாடகம் ஆரம்பிச்சிரும். நாடகம் முடியாம பாதியில எந்திரிச்சா மரியாதையா இருக்குமா? அது முடிஞ்சா ரெண்டு தோசை ஊத்துவா. மத்தபடி அவகிட்ட எனக்கு ஒரு பேச்சும் கெடையாது.

ஒரு நா நான் பூனையப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன், அவ மீனும் மாத்திரையுமா நிக்கா. திடீர்னு, "யக்கா, அன்னைக்கு நான் கொக்கிதான் தச்சுக்கிட்டு இருந்தேன்"னா.

"தெரியும்"னேன்.

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே தெரியும். பார்வதி அப்பவே சொல்லிட்டா."

வாயில இருந்து வந்திருச்சு, தம்பி. நான் சொல்லணும்னு சொல்லல. தட்டக் குடுத்ததுக்கு அப்புறம் எடுத்துக்கிட முடியுமா, சொல்லுங்க? அந்த நேரம் பாத்து இந்த மூதேவி, சீதேவிதான், மாத்திரைய அவ சீலையில துப்பிட்டு ஓடுச்சு. ரெண்டு பேரும் கட்டிலுக்கு அடியில தல விட்டு இதை இழுத்ததுல எனக்கு இடுப்பு பிடிச்சுக்கிடுச்சு. அவதான் தைலம் தேச்சு விட்டா. எடஞ்சலுக்குப் பொறந்தவ, ஆனா கை நல்ல கை.

இன்னைக்கு என்னாச்சுன்னா, அதைத்தான் யாருகிட்டயாவது சொல்லணும்னு தவிச்சுக்கிட்டு இருந்தேன். வடிவு இப்பல்லாம் டாக்டர் ரூமுக்குள்ள வரமாட்டா. ஊசியப் பாத்து ஒரு தடவை மயங்கிட்டா, அதுல இருந்து. நான் மட்டும் உள்ள போனேன். போன வாரம் எடுத்த ரத்தம் நல்லா வந்திருக்காம். எடை ஏறிருக்கு, நெஞ்சும் நிதானமா அடிக்கி. டாக்டரம்மா சந்தோசமா, "இனி நீங்க இவ்வளவு கஷ்டப்பட வேண்டாம்மா. ரெண்டு பாதியையும் சேத்துக் காலையிலயே ஒரு முழு மாத்திரையா குடுத்திரலாம். நீங்க ஒருத்தரே போதும்"னாவ.

நான் ஒருத்தியே போதும்னா, சாயங்காலம்?

"தாயி, பிரிச்சுக் குடுத்தா தப்பா?"ன்னேன்.

"தப்பில்ல. அதுவும் நல்லதுதான்."

"அப்ப ரெண்டு வேளையே இருக்கட்டும். சீட்டுல ரெண்டு வேளைன்னே எழுதிருங்க. ஒரு வேளைங்கத அவகிட்டச் சொல்லிராதிங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்"னேன். பூனைக்காகத்தான் சொன்னேன். பழகுன பழக்கத்த மாத்துனா அதுக்கு ஆகாது.

டாக்டரம்மா பேனாவக் கீழ வச்சிட்டு விழுந்து விழுந்து சிரிக்காவ. "அந்தம்மா நேத்தே ரிசல்ட் கேட்டுப் போன் பண்ணாங்க. அவங்களும் இதையேதான் சொன்னாங்க. உங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கினாங்க"ன்னாவ.

பாத்தியளா அவ கள்ளத்தனத்த! எனக்கு ஒரு நாள் முந்தியே கேட்டுட்டா! மீன்கடையில நான் மொதல்ல பேசினேன்லா, அதுக்குப் பழி வாங்குதா. எல்லாத்துலயும் போட்டி. எனக்கு வந்த கோவத்துக்கு... நீங்க ஏன் சிரிக்கிய? இதுல சிரிக்க என்ன இருக்கு?

சரி, சத்தம் போடாதிங்க. அன்னா வாரா. நீங்க ஒண்ணும் கேக்கல, நான் ஒண்ணும் சொல்லல, என்ன?

வா வடிவு. என்ன இம்புட்டு நேரம்? எனக்குச் சீனி இல்லாமதான வாங்குன? ம். இந்தத் தம்பி நாயை வச்சிருக்காரு, சும்மா ஊர்க்கதை பேசிக்கிட்டு இருந்தோம். டாக்டரா? பாத்தாச்சு. நீ என்ன சொல்லுத? நேத்துப் போன்ல உங்கிட்டச் சொன்னாவளா? ஒரு வேளையாக் குடுக்கவே கூடாதுன்னா? ரெண்டு பேரும் சேந்துதான் குடுக்கணும்னா?

தம்பி, காதக் குடுங்க, அவ முகத்தப் பாருங்க, கண்ணச் சிமிட்டாம புளுகுதா.

ஆமா வடிவு. எங்கிட்டயும் அப்படித்தான் சொன்னாவ.